தாழம்பூவின் சாட்சி

திண்டிவனத்துக்கு மேற்கே

திண்டிவனத்தில் மேற்கே திரும்பியதும் நிலத்தின் முகம் மாறிவிடுகிறது. சென்னையிலிருந்து கூடவே வந்த புகையும் விளம்பரப் பலகைகளும் பின்தங்க, மணிலாக் கொல்லைகள், பனை வரிசை, நீர் வற்றிய ஏரியில் மேயும் ஆடுகள் என்று வழி நீள்கிறது. கொஞ்ச தூரத்தில் உருண்டைப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கும் குன்றுகள் தொடங்குகின்றன. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த தோழி இதில் எதையும் பார்க்கவில்லை. அவள் கைபேசி ஓயாமல் கிணுகிணுத்துக்கொண்டிருந்தது.

அவள் சென்னையில் ஒரு பள்ளியில் மாணவர் ஆலோசகர். பரீட்சை பயம், வீட்டுச் சண்டை, கையைக் கீறிக்கொள்ளும் பிள்ளைகள் என்று ஒரு நாளில் அவள் கேட்பதை நான் ஒரு மாதத்தில் கேட்டிருக்க மாட்டேன். பௌர்ணமிக் கூட்டத்துக்கு முன்பே அண்ணாமலையை ஒரு சுற்று கிரிவலம் வரலாம் என்று என்னை இழுத்துக்கொண்டு கிளம்பியவளும் அவள்தான்.

“சங்கத்துக்காரங்கடீ. ஒருத்தர் விட்டா ஒருத்தர். உடனே சேருங்க, நாளைக்கு மன்றத்துல உங்களுக்காகப் பேசப்போறது நாங்கதான்னு எல்லாரும் சொல்றாங்க. ரெண்டு இடத்துல சந்தா கட்டியாச்சு. மூணாவது ஒண்ணு கூப்பிடுது.”

இந்த அழைப்புகளுக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. 1916இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் உளவியலுக்குத் தனித்துறை வந்தது. மருத்துவ உளவியலாளர்களை 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக இந்திய மறுவாழ்வு மன்றம் தன் பதிவேட்டுக்குள் கொண்டுவந்தது. மற்றபடி ஆலோசகர் என்று பலகை மாட்டிக்கொள்ள எந்தத் தடையும் இருக்கவில்லை. அதை மாற்றியது 2021இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய, இணைச் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம். பிசியோதெரபி, ஆய்வகத் தொழில்நுட்பம், ஊட்டச்சத்து என 50க்கும் மேற்பட்ட தொழில்களைப் 10 பிரிவுகளாக்கி, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு தொழில்முறை மன்றம் என்றது. மாநிலங்களுக்கும் தனி மன்றங்கள். பதிவு செய்தவர் மட்டுமே தொழில் செய்யலாம். ஏட்டில் ஏறிய சட்டம் நடைமுறைக்கு வரத் தாமதமானபோது, 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, அக்டோபருக்குள் மன்றங்களை அமையுங்கள் என்று மத்திய, மாநில அரசுகளுக்குக் கெடு விதித்தது. அப்போதிருந்து இந்தத் தொழிலில் இருப்பவர்களின் பேச்செல்லாம் ஒன்றுதான்: நம் சார்பில் அங்கே உட்காரப்போவது யார்?

செஞ்சி

செஞ்சியில் இறங்கினோம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் வளைத்து ஓடும் மதில், வெயிலில் வெளிறித் தெரிந்தது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான். சிவாஜி 1677இல் இதைப் பிடித்தார். அவருக்கு முன்னால் நாயக்கர்களும் பீஜப்பூர் சுல்தான்களும், பின்னால் முகலாயரும் ஆற்காட்டு நவாபும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் இதைத் தங்களுடையது என்று சொல்லியிருக்கிறார்கள்.

கோட்டை வாசலில் கூடையில் சீத்தாப்பழம் வைத்திருந்த பாட்டியிடம் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. “தேசிங்கு ராசா கோட்டைம்மா இது” என்றாள். தேசிங்கு ஆண்டது சில மாதங்கள். 1714இல் நவாபின் படையோடு மோதி மாண்டுபோனான். ஆனாலும் கதைப்பாட்டு வழியாக ஊர் வாயில் நின்றது அவன் பெயர்தான். பழத்தைப் பிட்டுத் தின்றபடி தோழி சொன்னாள்: “பட்டியல் போடறவங்க ஒரு பேரு எழுதறாங்க. ஊரு ஒரு பேரு சொல்லுது.”

அவள் தொழிலிலும் உரிமை கொண்டாடுபவர்கள் பலர். இந்திய உளவியல் சங்கம் 1924இல் பிறந்தது. பயன்பாட்டு உளவியலுக்கான கழகம் 1962இல் வந்தது. மருத்துவ உளவியலாளர்களின் சங்கம் 1968இல். நோயைக் கண்டறிவதும் சிகிச்சை தருவதும் எங்கள் வேலை, மற்றவர்கள் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது என்பது மருத்துவ உளவியலாளர் பலரின் வாதம். ஆலோசனை உளவியலாளர்களோ, உளவியல் பட்டமே இல்லாமல் டிப்ளமோவோடு வருகிறவர்களைக் காட்டி, அவர்களையும் எங்களையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் என்கிறார்கள். டிப்ளமோக்காரர்களுக்கு இருபது வருட அனுபவம் இருக்கிறது. சமூகப் பணியாளர்கள் நீண்ட காலமாகத் தங்களுக்கென்று தனி மன்றமே கேட்டுவருகிறார்கள். புதிய சட்டம் அவர்களையும் ஆலோசகர்கள் இருக்கும் அதே பிரிவில் கொண்டுவந்து சேர்த்துவிட்டது.

தோழி முதுகலை படித்தது அஞ்சல் வழியில். 2025-26 கல்வியாண்டிலிருந்து உளவியலைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு சொல்லிவிட்டது. தடை புதிய சேர்க்கைக்குத்தான். ஆனாலும் வேலைக்குப் போய்க்கொண்டே, பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டுப் படித்து வாங்கிய பட்டத்தின் மேல் திடீரென்று ஒரு நிழல் விழுந்த மாதிரி அவளுக்கு இருக்கிறது. சங்கங்களின் செய்திகள் அந்தப் பயத்தைப் பார்த்துத்தான் வருகின்றன.

கோயில்

கீழ்பென்னாத்தூரைத் தாண்டும்போதே மலை தெரிந்துவிடுகிறது. சுற்றிலும் சமவெளியாக இருக்க, எதையும் துணைக்கு அழைக்காமல் தனியாக எழுந்து நிற்கிறது அண்ணாமலை. ஊருக்குள் நுழைந்தால் மலையை ராஜகோபுரம் மறைக்கிறது. கிருஷ்ணதேவராயர் தொடங்கி, தஞ்சை சேவப்ப நாயக்கர் காலத்தில் முடிந்த 217 அடி உயர, 11 நிலைக் கோபுரம். வாசலில் கற்பூரம், மல்லிகை, காலணி காப்பவர்களின் கூச்சல். சந்நிதித் தெருவில் ஒரு சிறு கடையில் பொடி இட்லி சாப்பிட்டோம். பரிமாறிய அண்ணன் எங்கள் இலையைப் பார்த்தே அடுத்த இட்லியை வைத்தார். சென்னையில் இதையே நான் தொடுதிரையில் தேர்ந்தெடுத்து, வரிசை எண் வரக் காத்திருந்து வாங்குவேன்.

கருவறையின் பின்சுவரில் லிங்கோத்பவர் இருக்கிறார். இந்தத் தலத்தின் கதையே அங்கே கல்லில் நிற்கிறது. பிரம்மாவுக்கும் விஷ்ணுவுக்கும் யார் பெரியவர் என்று சண்டை. நடுவில் ஒரு நெருப்புத் தூண் எழுகிறது. அடியைக் காணப் பன்றியாகத் தோண்டிப் போன விஷ்ணு, முடியவில்லை என்று ஒப்புக்கொண்டு திரும்புகிறார். முடியைக் காண அன்னமாகப் பறந்த பிரம்மா, வழியில் கீழே விழுந்துகொண்டிருந்த தாழம்பூவைப் பிடித்து, தான் உச்சியைப் பார்த்ததாகச் சாட்சி சொல்லச் சொல்கிறார். பூவும் சொல்கிறது. பொய் வெளிப்பட்டதும் பிரம்மாவுக்குக் கோயில் இல்லாமல் போயிற்று, தாழம்பூவுக்குச் சிவபூஜையில் இடம் இல்லாமல் போயிற்று.

சின்ன வயதில் இந்தக் கதையில் என் கண்ணுக்குப் பட்டதெல்லாம் அன்னமும் பன்றியும்தான். இந்த முறை தாழம்பூ உறுத்தியது. தோழியின் பையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் ஒரு சங்கம் தந்த ‘அங்கீகரிக்கப்பட்ட ஆலோசகர்’ சான்றிதழ். இரண்டு வார இறுதிகளில் நடந்த பயிற்சிக்குப் பிறகு கையில் கொடுத்தது. புதிய சட்டமோ, பட்டப்படிப்பு முடித்த சுகாதாரத் தொழிலர் என்று பதிவு செய்ய 3,600 மணி நேரப் படிப்பைக் கேட்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் அந்தத் தூணின் உயரம். உறுப்பினர் கட்டும் சந்தாவில் வாழும் சங்கமே, உறுப்பினர் உச்சியைப் பார்த்தார் என்று சாட்சியும் சொன்னால், அந்தச் சாட்சி யார் கையில் இருக்கிறது?

தாழம்பூ மேல் எனக்குக் கோபம் இல்லை. பெரியவர் ஒருவர் பிடித்துக்கொண்டு கேட்கும்போது மறுத்துப் பேச எத்தனை பேருக்கு வரும்? ஆனால் போட்டியில் இருப்பவரின் தயவில் உள்ள ஒருவர் சாட்சி சொல்லக் கூடாது என்பதை இந்த ஊர் எப்போதோ தீர்மானித்துவிட்டது.

செங்கம் சாலை

ஊரின் தென்மேற்கே செங்கம் சாலை வேறு நாடு. காபிக் கடைகளில் வெள்ளைக்காரர்கள் வேட்டியும் ருத்திராட்சமுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு கடையின் அறிவிப்புப் பலகையில் ஊசி குத்த இடமில்லை. மூச்சுப் பயிற்சியால் ஆழ்மனக் காயம் ஆறும், முற்பிறவிக்குப் போய் இந்தப் பிறவியின் துயரம் தீர்க்கலாம், உள்ளிருக்கும் குழந்தையோடு பேசலாம், கட்டணம் விரும்பியதைத் தரலாம். தோழி ஒவ்வொன்றாக வாசித்தாள். “எங்க ஸ்கூல்ல ஒரு பொண்ணு வாயத் திறக்கவே மூணு மாசம் ஆச்சு. இங்க ஒரே சாயங்காலத்துல ஆயிடும் போல.” காபி கொண்டுவந்த பையன் சிரித்தான். “சீசன்ல பாருங்கக்கா, பலகை மேல பலகை ஒட்டுவாங்க.”

சாலையோரம் ரமணாசிரமம். மதிய வெயிலிலும் பழைய கூடம் குளிர்ச்சியாக இருந்தது. மயில் ஒன்று ஓட்டின்மேல் ஏறிக் கத்தியது. 1896இல் பதினாறு வயதில் மதுரையிலிருந்து வந்து சேர்ந்த ரமணர், 1950இல் மறையும்வரை இந்த ஊரை விட்டுப் போகவில்லை. தேடி வந்தவர்கள்தான் போய்வந்தார்கள். எழுத்தாளர் சாமர்செட் மாம் 1938இல் வந்தார். அதே காலத்தில் இந்திய அறிவியல் மாநாட்டின் வெள்ளிவிழாவுக்காக வந்திருந்த உளவியலாளர் கார்ல் யூங், சென்னை வரை வந்தும் இங்கே வரவில்லை. வராமல் போனதைப் பற்றிப் பின்னாளில் அவரே எழுதினார். மனத்தைப் படித்தவர் ஒருவர் இந்த மலையை மட்டும் தவிர்த்துவிட்டுப் போனது எனக்கு எப்போதும் வியப்பு.

ஆசிரமத்துக்கும் வழக்கு வந்திருக்கிறது. 1930களில், நிர்வாகம் யாருக்கு உரியது என்று பழைய நிர்வாகி ஒருவர் நீதிமன்றம் போனார். ரமணரிடம் வாக்குமூலம் வாங்க ஆணையர் இங்கேயே வந்தார். வாழ்வின் நான்கு ஆசிரம நிலைகளில் நீங்கள் எந்த நிலையைச் சேர்ந்தவர் என்ற கேள்விக்கு, நான்குக்கும் அப்பாற்பட்டவன் என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். எந்தப் பதிவேட்டிலும் அடங்காதவர் பெயரில் நடந்த பதிவேட்டுச் சண்டை.

இதை வைத்துக்கொண்டு, உண்மையாகக் கேட்பவருக்குப் பதிவு எதற்கு என்று சொல்லிவிடலாம். செங்கம் சாலைப் பலகையில் அதைத்தான் பலரும் சொல்கிறார்கள். ஆனால் ரமணர் யாரிடமும் கட்டணம் வாங்கவில்லை, குணமாக்குகிறேன் என்று எழுதி ஒட்டவும் இல்லை. காசு வாங்கிக்கொண்டு அடுத்தவர் ரகசியத்தைக் கேட்கிறவருக்கு ஒரு பதிவேடு வேண்டும். ஏதாவது தவறு நடந்தால் அழிப்பதற்கு அதில் ஒரு பெயர் இருக்க வேண்டும்.

கிரிவலப் பாதை

வெயில் தாழ்ந்ததும் நடக்கத் தொடங்கினோம். சுற்று 14 கிலோமீட்டர். இந்திர லிங்கம், அக்னி லிங்கம், எம லிங்கம் என்று திசைக்கொன்றாக வந்துகொண்டே இருக்கும். வெறுங்காலில் நடப்பவர்களுக்குத் தார்ச்சாலையில் பகல் சூடு இன்னும் மிச்சம் இருந்தது. மண்பானையில் கம்பங்கூழ் வைத்திருந்த அக்கா, மோர் மிளகாயும் சின்ன வெங்காயமும் தந்தாள். வறுத்த மல்லாட்டைப் பொட்டலம் ஒன்று கை மாறி மாறி வந்தது.

நிருதி லிங்கம் அருகே தோழிக்குத் தெரிந்த ஒருவர் எங்களோடு சேர்ந்துகொண்டார். பக்கத்து வட்டத்தில் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் ஆலோசகர். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வருபவர்களிடம் பரிசோதனைக்கு முன்னும் பின்னும் பேசுவது அவர் வேலை. கர்ப்பிணிகள், லாரி ஓட்டுநர்கள், கல்யாணம் நிச்சயமான பையன்கள். “முடிவு சொல்ற அந்த அஞ்சு நிமிசம் இருக்குதே சார்னு எங்க டாக்டர்கிட்டயே சொல்வேன்மா. அத எந்தப் புத்தகமும் சொல்லித் தரல” என்றார்.

அவரிடம் சட்டத்தின் பட்டியலைப் பற்றிக் கேட்டேன். நடத்தை நலம் சார்ந்த அந்த ஒரே பிரிவுக்குள் உளவியலாளர், நோய் ஆலோசகர், நீரிழிவுக் கல்வியாளர், தாய்ப்பால் ஆலோசகர், மருத்துவச் சமூகப் பணியாளர், மனநலச் சமூகப் பணியாளர், எச்.ஐ.வி. ஆலோசகர், குடும்பக் கட்டுப்பாட்டு ஆலோசகர், மனநல உதவிப் பணியாளர் எல்லாரும் இருக்கிறார்கள். மன்றத்திலோ தலைவரோடு குறைந்தது 4, அதிகபட்சம் 24 உறுப்பினர்கள். சட்டத்தில் எந்தச் சங்கத்தின் பெயரும் கிடையாது. அதனால்தான் எல்லாச் சங்கங்களும் ஓடுகின்றன.

அவர் சிரித்தார். “நான் படிச்சது எம்.எஸ்.டபிள்யூ. பாக்கற வேல எச்.ஐ.வி. ஆலோசகர். அந்தப் பட்டியல்ல நான் ரெண்டு எடத்துல கீறேன். சங்கத்துக்காரங்க லிஸ்ட்ல ஒரு எடத்துலயும் கெடயாது. மாநாடு மெட்ராஸ்ல, இங்கிலீஸ்ல நடக்கும். லீவு போட்டுப் போனா அன்னிக்குச் சம்பளம் கட்டு.”

“அப்ப சங்கமே வேணாங்கறீங்களா?”

“ஐயோ, அப்டி சொல்லுவனா? ஒப்பந்த வேலம்மா இது. பல வருசமா அதே ஒப்பந்தம். சம்பளம் கேக்க, வேல நிரந்தரம் கேக்க சங்கம் இல்லாம முடியுமா? ஆனா நான் ஒருத்தர் ரகசியத்த ஊருல சொல்லிட்டேன்னு வச்சுக்கோங்க. என்னய விசாரிக்கறது என் சங்கமா இருக்கக் கூடாது. அவங்க எனக்காகத்தான பேசுவாங்க?”

நாங்கள் நடந்துகொண்டே இருந்தோம். பாதையோரத்தில் காவி கட்டியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவே, காவி இல்லாத, யாரோடும் பேசாத சிலர். ஒரு பெண் நைட்டியின் மேல் துண்டைப் போர்த்துக்கொண்டு தன் விரல்களையே எண்ணிக்கொண்டிருந்தாள். டீக்கடைக்காரர் அவளுக்கு ஒரு டம்ளர் வைத்துவிட்டு வந்து சொன்னார்: “கூட்டிக்கினு வருவாங்க, சுத்துவாங்க, உட்டுட்டுப் பூடுவாங்க.” நம்பிக்கை மையத்துக்காரர் அவள் பக்கத்தில் குந்தி ஏதோ கேட்டார். அவள் பதில் சொல்லவில்லை. அவர் எழுந்திருக்க அவசரப்படவும் இல்லை.

தேசிய மனநலக் கணக்கெடுப்பு 2015-16இல் சொன்னது, மனநலச் சிக்கல் உள்ளவர்களில் சிக்கலின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை கிட்டவில்லை என்று. மேசையில் எந்த நாற்காலி யாருக்கு என்ற பேச்சு நடக்கும்போது இந்தப் பெண் இங்கேதான் உட்கார்ந்திருப்பாள். புனிதத் தலங்களில் விடப்பட்டவர்களின் கதை தமிழ்நாட்டுக்குப் புதிதும் இல்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகம் எரிந்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் செத்தார்கள். அந்தக் காப்பகங்கள் வெகுநாளாகவே அங்கே இருந்தன. புகார் சொல்ல உள்ளே இருந்தவர்களுக்கு ஒரு கதவு இருக்கவில்லை. அரசு விழித்ததும் விதிகள் இறுகியதும் தீக்குப் பிறகுதான்.

ஈசான்யம்

அடி அண்ணாமலை தாண்டி, வாயு லிங்கம், குபேர லிங்கம் என்று வடபுறம் வரும்போது கால் கெஞ்சியது. இடுக்குப் பிள்ளையார் கோயிலில் குறுகிய துவாரத்துக்குள் நுழைந்து வெளியே வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். தோழி டொராண்டோவில் இருக்கும் தன் அக்காவைப் பற்றிச் சொன்னாள். அக்காவும் ஆலோசகர்தான்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் உளச்சிகிச்சைச் சட்டத்தை 2007இல் நிறைவேற்றியது. அது முழுதாக நடைமுறைக்கு வந்து பதிவு தொடங்கியது 2015 ஏப்ரல் 1 அன்று. இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் அங்கேயும் பல பள்ளிகள், பல சங்கங்கள், யார் உள்ளே யார் வெளியே என்ற வாதம். கடைசியில் அமைந்த ஏற்பாட்டில் இரண்டு வேலைகள் பிரிந்தன. பதிவேட்டையும் புகாரையும் பார்க்கும் அமைப்பு பொதுமக்களுக்கு. அதன் குழுவில் தொழிலைச் சேராத பொதுமக்கள் பிரதிநிதிகளும் உண்டு. சங்கங்கள் உறுப்பினர்களுக்கு, பயிற்சி, காப்பீடு, ஊதியப் பேச்சு அவற்றின் பாடு. இங்கிலாந்திலோ இன்றும் ஆலோசகர் என்ற பெயருக்குச் சட்டக் காப்பு இல்லை. சங்கங்களே பதிவேடு நடத்துகின்றன. அவை கூடித் தகுதிகளுக்கு ஒரு பொதுச் சட்டகம் வகுத்தபோது, உறுப்பினர்களிடையே பெரும் சச்சரவு கிளம்பியது.

“அக்கா ரெண்டுத்துக்கும் தனித்தனியா பணம் கட்றா” என்றாள் தோழி. “சங்கத்துக்குக் கட்டறது தனக்காக. பதிவுக்குக் கட்டறது தன்கிட்ட வர்றவங்களுக்காகன்னு சொல்லுவா.”

இந்தியச் சட்டத்திலும் இந்தப் பிரிவினைக்கு இடம் இருக்கிறது. எந்தச் சங்கம் எங்களுக்காகப் பேசும் என்ற சண்டையில் அது கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. சங்கங்கள் சண்டை போடட்டும். அது அவற்றின் இயல்பு, உறுப்பினர்களுக்கு அதில் நன்மையும் உண்டு. மருத்துவ உளவியலாளரின் கறார் நோயாளியைக் காக்கிறது. டிப்ளமோக்காரரின் அனுபவத்துக்கு ஒரு தேர்வும் வழியும் கிடைத்தே ஆக வேண்டும். அஞ்சல் வழியில் படித்தவர், மேற்பார்வையில் இத்தனை மணி நேரம் பணி செய்து காட்டினால் போதும் என்று சொல்ல முடியும். யார் உள்ளே வரலாம் என்பதை மட்டும் எந்தச் சங்கத்தின் உறுப்பினர் அட்டையும் தீர்மானிக்கக் கூடாது. மன்றத்தில் ஓர் இடம் அந்த நம்பிக்கை மைய அறையிலிருந்து வர வேண்டும், இன்னோர் இடம் அந்த அறைக்கு எதிர்ப்புற நாற்காலியில் உட்கார்ந்து எழுந்த ஒருவருக்கு வேண்டும்.

நம்பிக்கை மையத்துக்காரர் நாங்கள் இருவரும் பேசுவதைக் கேட்டுக்கொண்டே காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார். “பதிவுக்கு என்னென்ன பேப்பர் கேப்பாங்கன்னு தெரிஞ்சா சொல்லுங்கம்மா” என்றார். “எங்க மாவட்டத்துல எங்களமாரி இருக்கறவங்களுக்கு ஒரு சேதி போட்டுடறேன். எவ்ளோ செலவு ஆவும்னும் கேட்டுச் சொல்லுங்க.”

தோழி கைபேசியை எடுத்தாள். மூன்றாவது சங்கத்தின் அழைப்பை அழித்துவிட்டு, அவர் எண்ணைச் சேமித்துக்கொண்டாள். பிறகு இருவரும் அங்கேயே, பிள்ளையார் வாசல் படியில் உட்கார்ந்து, மதிப்பெண் பட்டியல், பயிற்சி மணிநேரம், பணி அனுபவச் சான்று என்று ஒவ்வொன்றாகப் பட்டியல் போடத் தொடங்கினார்கள். ஈசான்ய லிங்கத்துக்கு இன்னும் நடக்க வேண்டும் என்று நான் நினைவூட்டியதும் தோழி தலை நிமிராமல், “இரு, இவரோட எட்டு வருஷ அனுபவத்தை எந்தக் கட்டத்துல எழுதறதுன்னு பாத்துட்டு வர்றோம்” என்றாள்.